வந்தவாசிப் பை

எங்கள் வீட்டில் பைகளுக்கு ஊர்ப்பெயர்தான். போளூர்ப் பை, செய்யாத்துப் பை, வந்தவாசிப் பை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். எந்த ஊர்க் கல்யாணத்துத் தாம்பூலத்தோடு வந்ததோ, அந்த ஊர் அதற்குப் பெயர். மஞ்சள் துணியில் சிவப்பிலோ பச்சையிலோ மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும் அச்சடித்திருக்கும். நாலைந்து முறை துவைத்ததும் முதலில் தேதி போகும், அப்புறம் மாப்பிள்ளை போவார், பெண் மட்டும் பாதி எழுத்தில் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிப்பாள். "போளூர்ப் பையில மொளகா வாங்கனது, அதுல சக்கரை வாங்கிடாத, செய்யாத்துப் பைய எடுத்துகினு போ" என்பாள் அம்மா. பைக்குள் மூக்கை நுழைத்தாலே எது எந்த ஊர் என்று எனக்கும் தெரியும். போளூரில் மிளகாய் நெடி, செய்யாற்றில் வெல்லம், வந்தவாசியில் மல்லாட்டைத் தோலில் ஒட்டிய மண். (நிலக்கடலையைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை, வேறு பெயர் சொன்னால் வெளியூர்க்காரன்.)

ஆரணியில் பட்டுத் தறி போட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேலை, பின்னால் ஒரு வேலை. காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிற வாசனையோடு எழுந்து, ராட்டினத்தின் முன் உட்கார்ந்து ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். நைனா (அப்பாதான்) தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் தறிச் சத்தம் வீடு முழுக்க ஓடும். அந்தச் சத்தம் நின்றால்தான் அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம், அது பெரும்பாலும் "டேய், தாரு" என்பதாகத்தான் இருக்கும். அந்தத் தாருக்கும் அடுத்த தாருக்கும் நடுவில் கடைக்கு ஓடுவது என் பங்கு. பையைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவேன்.

செட்டியார் கடையில் நிற்பது எனக்கு அலுக்காது. பொட்டலம் கட்டுவதைப் பார்க்கலாமே. பழைய செய்தித்தாளில் ஒரு துண்டை இடது கையில் பிடித்து வலது கையால் ஒரு திருப்பு திருப்பினால் கூம்பு ஆகிவிடும். அதன் நுனியைக் கட்டைவிரலால் உள்ளே மடிப்பார். தராசுத் தட்டிலிருந்து பருப்பு சரசரவென்று இறங்கும். வாயை மூன்று மடிப்பு மடித்து, தலைக்கு மேலே டப்பாவில் தொங்கும் நூலுண்டையிலிருந்து நூலை இழுத்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஒரு முடிச்சு, ஆள்காட்டி விரலில் சுற்றி ஒரு வெட்டு. நூல் அறுபடும் அந்த 'டப்' சத்தத்துக்காகவே நான் இன்னொரு பொட்டலம் கேட்கலாமா என்று யோசித்ததுண்டு. எண்ணெய்க்குக் கழுத்தில் கயிறு கட்டிய சீசா, கறிக்குத் தாமரை இலை, இட்டிலி வாங்கினால் மந்தார இலை, சாம்பாருக்குத் தூக்கு. எதையும் மறந்து போனால் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கடைக்காரர் எதுவும் தரமாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஆறாவது படிக்கும்போது எனக்கு மானம் வந்தது. மஞ்சப்பை என்றால் பட்டிக்காட்டான், மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு பட்டணம் இறங்கினவன் என்றெல்லாம் சினிமாவும் சொல்லியது, வகுப்பிலும் சொன்னார்கள். வகுப்பில் ஒருவன் புத்தகங்களைப் பளபளவென்ற பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தான். நான் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். வந்தவாசிப் பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக்கொண்டேன். மணமக்கள் மறைந்தார்கள், ஆனால் தையல் ஓரத்துப் பிசிறெல்லாம் தாடி மாதிரி வெளியே தொங்கியது. செட்டியார் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இன்னாடா, பைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். துணி நெய்து சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்குத் துணிப்பை கேவலமாகப் பட்டது எப்படி என்று இப்போது யோசித்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு வேலூரில் சட்டை எடுத்து வந்தார் நைனா. சட்டை என்ன நிறம் என்று நினைவில்லை. அது வந்த பை வெள்ளை, நீலக் கரை, இரண்டு காது, உள்ளே முகத்தை விட்டால் ஒரு புதுவாசனை. அடுத்த நாளே அதில் புத்தகங்களை அடுக்கி, வேண்டுமென்றே கடைவீதியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாதி வழியில் ஒரு காது ரப்பர் மாதிரி நீண்டு, இன்னும் நீண்டு, அறுந்தே போனது. ஜியாமெட்ரி பாக்ஸ் திறந்து காம்பஸ் சாக்கடைப் பக்கம் உருண்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நைனா தறியை நிறுத்திவிட்டு, அறுந்துபோன பட்டு நூலில் நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, காதின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மாம்பழ நிறப் பட்டு நூலால் ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக் பை என்னுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அம்மா அதைச் சோப்புப் போட்டு அலசி, கொடியில் கவ்வி மாட்டிக் காயவைப்பாள். ஒரு வருஷம் உழைத்தது.

பின்னாளில் ஒன்று படித்தேன். அந்தக் காது வைத்த பையைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்திருக்கிறார், 1965இல் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறையும் என்று நினைத்தாராம், ஒரு பையை மடித்து எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பாராம். அவர் மகன் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் அவர் நினைத்தபடி நடந்துகொண்டது எங்கள் அம்மாதான். மற்றவர்களின் பையெல்லாம் எங்கள் ஊர்க் கமண்டல நாகநதியில் கிடந்தது. தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆற்றோரத்துக் கருவேல முள்ளில் பூப் பூத்த மாதிரி கலர் கலராக மாட்டிக்கொண்டு காற்றில் படபடக்கும். பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினாலும் ஒரு பை என்று ஆகி, ஆணியில் தொங்கின ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கரித்துணியாகின.

2018 ஜூன் 5 அன்று சட்டசபையில் அறிவித்தார்கள், 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக்குக்குத் தடை. பதினான்கு வகைப் பொருள். பை, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற தாள் என்று போனது பட்டியல். அந்தப் பொங்கலுக்கு ஆரணிக்குப் போயிருந்தேன். கடைவீதியே சற்றுத் தடுமாறிக்கொண்டிருந்தது. கறிக்கடையில் எவர்சில்வர் டப்பாவோடு வரிசை. ஒருவர் டப்பா கொண்டுவர மறந்து, ஹெல்மெட்டைத் திருப்பி நீட்டினார், கடைக்காரர் கும்பிடு போட்டார். துணிக்கடையில் துணி மாதிரியே ஒரு பை கொடுத்தார்கள், துணிப்பைதான் என்று சத்தியம் வேறு. அம்மா அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், விரலால் நெருடினாள். "இதுல பாவும் இல்ல, ஊடையும் இல்ல. நெய்யாதத எப்படிப்பா துணின்ற?" பதினான்கில் அந்த நெய்யாத பையும் ஒன்று. அதிகாரிகளுக்கு முன்னால் அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள். 2021 டிசம்பரில் சென்னை கலைவாணர் அரங்கத்தில் முதலமைச்சரே 'மீண்டும் மஞ்சப்பை' என்று விழா எடுத்துத் தொடங்கிவைத்தபோது, ஆறாவது படித்த பையனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. அப்புறம் கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வந்தது.

தடை வந்த அந்தப் பொங்கல் சமயத்தில்தான் அம்மாவோடு செட்டியார் கடைக்கும் போனேன். வீட்டில் நைனா இல்லை, தறிக்குழியை மூடி அதன்மேல் அரிசி டிரம். கடையில் செட்டியாரும் இல்லை, மகன் இருந்தார். அம்மா கையில் வந்தவாசிப் பை. பழையது இல்லை, அந்த ஊரில் நடந்த வேறொரு கல்யாணம், இரண்டாம் தலைமுறை வந்தவாசி. நூறு கிராம் கடுகு கேட்டாள். மகன் செய்தித்தாளைச் சுருட்டினார், கூம்பு வந்த மாதிரி இருந்தது, கடுகைக் கொட்டினதும் அடி திறந்து பாட்டில் மூடிகள்மேலெல்லாம் மழையாய்த் தெறித்தது. இரண்டாவது தாளும் அப்படியே. "இத்தினி வருசமா கவர்லயே போட்டுக் குடுத்துட்டோம் ஆயா" என்று நெளிந்தார்.

"இட்டா." அம்மா தாளை வாங்கினாள். பாவு பிணைத்த கை அது, பிணைக்கும்போது தொடுகிற சாம்பலைத் தொட்டுக்கொள்ளாததுதான் குறை. ஒரு திருப்பு, நுனியை உள்ளே ஒரு மடிப்பு. கடுகு நின்றது. வாயை மூன்று மடிப்பு மடித்துவிட்டு, நிமிர்ந்து தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே டியூப்லைட்தான் இருந்தது.

"நூலு குடுப்பா."

"நூலு இல்லியே ஆயா. பின் அடிச்சித் தரட்டா?"

"பின்னு ஒண்ணு கடுகுல வுழுந்தா?" என்றவள், கடையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆரணியில ஒரு கடையில நூலு இல்லியா!" என்றாள். பிறகு வந்தவாசிப் பையைத் திருப்பி, கைப்பிடித் தையலில் ஒரு முனையைப் பல்லால் கவ்வி, ஒரு முழம் உருவினாள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, முடிச்சு, விரலில் சுற்றி ஒரு வெட்டு. 'டப்'.

தையல் போன கைப்பிடி வீட்டுக்குப் போகும் வழியிலேயே கழன்றுகொண்டது. பையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நடந்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள், "நிமித்திப் புடிடா, கடுகு கொட்டிடப் போவுது."