பிழைக்க வந்த ஊர்

ஓசூரில் வேலை கிடைத்த இளைஞர்கள் சம்பளத்தைப் பற்றி நம்மிடம் கேட்பதில்லை. அது அவர்களுக்கு முன்பே தெரியும். "ஊர் எப்படி? குடும்பத்தோடு இருக்கலாமா?" என்றே கேட்கின்றனர். தஞ்சைப் பக்கத்திலிருந்தும் நெல்லைப் பக்கத்திலிருந்தும் அவர்களுடைய பெற்றோரும் இதையே கேட்கின்றனர். பல்லாண்டுகளாக இங்கே குடியிருப்பவர் என்ற முறையில், "இருக்கலாம்" என்று ஒரே சொல்லில் நாம் விடை கூறிவிடலாம். ஆயினும் நம் மொழியில் பிழைப்பது வேறு, வாழ்வது வேறு. ஓசூரில் பிழைக்கலாம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாழலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். கோடையிலே கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வருபவர்கள், சூளகிரியைக் கடந்து மேலேறும்போதே சன்னல் காற்று மாறிவிட்டதை உணர்வார்கள். மார்கழி விடியலில் கம்பளி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. வெள்ளையர் இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடியதாகச் சொல்வார்கள். 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்னும் இருக்கிறது. சுற்றுப்புறத்துப் பசுமைக் குடில்களில் விளையும் ரோசா கடல் கடந்து செல்கிறது. வியர்வையிலே பிறந்து வளர்ந்த நமக்கு இந்தக் குளிர்ச்சி ஓர் அருட்கொடை அன்றோ!

அடுத்த நிறை இங்குள்ள மக்கள். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஓசூரோ 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே போயிற்று. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தோடு நின்றது. ஆட்சியின் எல்லைகள் இப்படி இடம் மாறின; வீட்டுப் பேச்சு மாறவில்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கின்றன. காய்கறி விற்கும் அம்மையார் நம் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் விலை சொல்வதென்று முடிவு செய்துவிடுகிறார்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குத் தொடக்கத்தில் இதில் ஒரு தயக்கம் இருந்ததுண்டு. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பிறகு உருதுவில் நலம் கேட்பவருக்கு நாம் தமிழில் பதில் சொல்வோம். இருவருக்கும் பாதிதான் புரியும். தயக்கத்தைப் போக்கியவர்கள் குழந்தைகள். நம் பிள்ளைகள் 'நன்னி' என்றார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் 'நானி' என்றார்கள். ஓராண்டுக்குள் இரு கிழவியரும் இரு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

இனிக் குறைகளுக்கு வருவோம். பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த ஓசூருக்கு வேலை தேடி ஆள்கள் வரத் தொடங்கியது 1971இல் சிப்காட் நிறுவனம் ஏற்பட்ட பிறகுதான். அரசு நிலமும் சலுகையும் தந்தது. பெங்களூர் பக்கத்திலே இருந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டு கனரக வண்டிகளும் டி.வி.எஸ். மொபெடுகளும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டான் கைக்கடிகாரமும் வந்தது. 2019இல் ஊர் மாநகராட்சியாயிற்று. ஆனால் கைக்கடிகாரம் செய்யும் ஊரில் மனிதனுக்கு நேரம்தான் கிடைப்பதில்லை. இரவு ஷிப்டு முடிந்து தந்தை வீடு திரும்பும் வேளையில் பிள்ளை பள்ளிக்குப் போய்விடுகிறது. பிள்ளை வரும்போது தந்தை உறங்குகிறார். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர்.

பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த நெருக்கம் மருத்துவமும் கல்வியும் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டு வாடகையை ஏற்றிவிட்டதும் அதே நெருக்கந்தான். பெருநகரின் வசதி நம்மை வந்தடைவது போலவே அதன் கழிவும் வந்தடைகிறது. நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும் நாள்களில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். தொலைவிலிருந்து பார்த்தால் பஞ்சுப்பொதி. அருகே போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். அந்த நீரைத்தான் உழவன் வயலுக்குப் பாய்ச்சுகிறான்.

அச்சமும் அந்தச் சாலை வழியாகவே வருகிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பூசல் மூண்டபோது பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே பேருந்துகள் நின்றுவிட, மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். வழக்கமாக நாம் எண்ணிப் பார்க்காமலே தாண்டும் கோடு அது. அன்றும் சந்தையில் அந்த அம்மையார் நான்கு மொழியிலும் விலை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறையாக நமக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. பெருநாள் வந்தால் நம் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பொங்கலிலும் தீபாவளியிலும் அதே கதை. சம்பாதிப்பது இங்கே, சிரிப்பது வேறு ஊரில்! இராமநாயக்கன் ஏரி சீர்கெட்டால், "எந்த ஊர் ஏரி?" என்பதுபோல் பார்த்துக்கொண்டு போகிறோம். பிழைக்க வந்த ஊரின் ஏரிக்கு உரிமையாளர் எவருமில்லை. 2024இல் இங்கே பன்னாட்டு வானூர்தி நிலையம் அமையும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். உடனே மனையின் விலையைக் கேட்டோம். ஏரியை எவரும் கேட்கவில்லை.

ஆயினும் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை. தொழிற்சாலைகளின் தொடக்க நாளில் வந்தவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுள் நம் நண்பர் ஒருவர், இராமநாதபுரம் பக்கத்தவர், பிள்ளைகளை அழைத்து, "என்னை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். இங்கே என் ஜனாஸாவைச் சுமக்க ஆள் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன ஆள்களில் தெலுங்கு பேசுபவரும் உண்டு, கன்னடம் பேசுபவரும் உண்டு. நாற்பது ஆண்டுகளில் அவர் சேர்த்த சொத்து அதுதான்.

ஆகவே, கேட்கும் இளைஞர்களுக்கு நாம் கூறும் விடை இது: வாருங்கள், குடும்பத்தோடே வாருங்கள். குளிரும் கூலியும் முதல் மாதத்திலேயே கிடைத்துவிடும். அண்டை வீட்டாரின் மொழியில் பத்துச் சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். ஆண்டில் ஒரு பெருநாளையாவது இந்தத் தெருவிலேயே கொண்டாடுங்கள். ஏரிக்காகக் குரல் எழுப்பும் கூட்டத்துக்கு ஒருமுறை போய் அமருங்கள். ஊர் இனிதா என்பதை அப்போது நீங்களே எங்களுக்குச் சொல்வீர்கள்.