சுருதியை இறக்கியே வாசியுங்கள், டோனி ஐயா

டோனி அயோமி ஐயாவுக்கு,

நாமக்கல்லிலிருந்து எழுதுகிறேன். லாரிக்குப் பாடி கட்டும் ஊர் இது. விடிந்தால் ஷீட் வெட்டும் சத்தம், கிரைண்டர் பொறி, சுத்தியல் அடி என்று இருட்டும்வரை காது ஓயாது. மேற்கே பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் ராத்திரியிலும் தறி ஓடும். வடக்கே சேலத்தில் உருக்காலை. அதனால் பிர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில், பட்டறைகளுக்கு நடுவே நீங்கள் வளர்ந்த கதையைப் படித்தபோது அது எனக்கு வெளியூர்க் கதையாகப் படவில்லை. சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய அதே 1970-இல்தான் உங்கள் பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டும் வந்தது.

டோனி ஐயா, ஹெவி மெட்டலைத் தொடங்கிவைத்த உங்கள் தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. ‘கைகால் நடுங்குற வயசுல இவங்களுக்கு மேடை எதுக்குங்க?’ என்று இங்கே பையன்கள் கேட்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட உங்களுக்கு நன்றி சொல்வது எனக்குச் சுலபம். பட்ட கடனை வரிசையாகச் சொல்லி வந்தாலே அவர்களுக்கான பதிலும் வந்துவிடும்.

டோனி ஐயா, முதல் கடன் உங்கள் விரல்களுக்கு. உங்களுக்குப் பதினேழு வயது. தகரப் பட்டறையில் வெல்டிங் வேலை. அன்றோடு வேலையை விட்டுவிட்டுக் குழுவோடு வெளிநாட்டில் வாசிக்கப் போக வேண்டியவர். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் இனிமேல் போகவில்லை என்றீர்கள். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். ஷீட்டை மடக்கித் தரும் ஆள் அன்று வராததால் அந்த மிஷினில் உங்களை நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி போயிற்று. நீங்கள் இடது கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி கிட்டார் இல்லை என்று மனம் உடைந்து கிடந்தவருக்குப் போர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து தந்தார். தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் வாசித்த ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் தட்டு அது. அதற்குப் பிறகு நீங்கள் செய்தது அசல் பட்டறைக்காரன் வேலை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தீர்கள். வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன் மேல் ஒட்டினீர்கள்.

நான் தொழில் பழகிய பட்டறையில் ஓர் அண்ணன் இருந்தார். பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் பாதி போனவர். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே சாக்பீஸை இடுக்கிக்கொண்டு ஷீட்டின் மேல் ஒரே இழுப்பாக இழுப்பார். அப்புறம் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கோடு நூல் பிடித்ததுபோல் இருக்கும். உங்கள் கதையைச் சொல்லி, பாட்டையும் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். ‘ஷீட்டு மேல ஷீட்டு உளுகிறாப்ல இருக்குது. ஆனா தாளம் தப்புலப்பா’ என்றார். உங்களைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல விமரிசனம் அதுதான்.

டோனி ஐயா, அடுத்த கடன் சுருதியை இறக்கியதற்கு. தொப்பி போட்ட விரலுக்குத் தந்தியின் இறுக்கம் தாங்கவில்லை. மெல்லிய தந்தி கடையில் கிடைக்காத காலம். பாஞ்சோ தந்தியை வாங்கி மாட்டினீர்கள். 1971-இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டுக்கு வரும்போது பல பாட்டுகளில் கிட்டாரையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டீர்கள். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதமாயிற்று, ஓசை கனத்தது. கீசர் பட்லரும் பாஸ் கிட்டாரை உங்களோடு சேர்த்து இறக்கினார். அந்தக் கனத்தை எடுத்துக்கொண்டுதான் பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் பிழைத்தன. வலி பொறுக்காமல் செய்த ஏற்பாடு ஓர் இசைக்கே இலக்கணமாயிற்று. இன்றைக்கு எழுபது வயதுப் பாடகர் மேலே எட்டவில்லை என்று பாட்டை அரைச்சுரம் இறக்கிப் பாடினால், ‘இது ஏமாத்து வேலை’ என்கிறார்கள். உடம்புக்குத் தக்கபடி சுருதியை இறக்குவது ஏமாற்று என்றால் ஹெவி மெட்டலே ஏமாற்றில் பிறந்ததுதான். பையன்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

டோனி ஐயா, உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் வழி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானம், அயர்ன் மெய்டன். சேலம் புதிய பஸ் நிலையத்தில் கூட்டமாக ஏறினோம். எல்லோரும் கறுப்புச் சட்டை. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘மாநாடா, மலையா?’ என்றார். அன்று டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்னுக்கு 54 வயது. கிழட்டுக் குழு என்று அப்போதே சொன்னார்கள். அதே ஆண்டு ஸ்கார்பியன்ஸ் ஷில்லாங்கில் வாசித்தது. மெட்டாலிக்கா 2011 அக்டோபரில்தான் பெங்களூருக்கு வந்தது. உங்கள் கூட்டத்தின் இளமையெல்லாம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயிற்று. எங்களுக்கு வாய்த்தது உங்கள் நரை மட்டும்தான். ஐம்பது வயதில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சேலத்துப் பையன் எதைப் பார்த்திருப்பான்? வயதான பிறகும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியதற்காக உங்கள் கூட்டத்துக்கே நன்றி.

டோனி ஐயா, 2012-இல் உங்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட வாரங்களில் கச்சேரிக்குத் தேதி கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டே புதிய இசைத்தட்டும் வந்தது. ஜூடாஸ் பிரீஸ்ட்டின் கிளென் டிப்டன், தமக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2018-இல் அறிவித்தார். முழுக் கச்சேரி முடியாது என்றான பிறகு, முடிந்த ஊர்களில் கடைசிச் சில பாட்டுகளுக்கு மட்டும் வந்து வாசித்தார். எங்கள் கொங்கு நாட்டில் இது புதிதில்லை. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். பெரியவருக்கு மூச்சு வாங்கினால் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். பெரியவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, படுகளம் நெருங்கும்போது கதையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். ‘வயசாயிருச்சு, எறங்குங்க’ என்று கூட்டத்தில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2025 மார்ச்சில் எங்கள் இளையராஜா 81 வயதில் லண்டன் அப்பல்லோ அரங்கில் சிம்பொனி அரங்கேற்றினார். தமிழ்நாடே கொண்டாடியது. அந்த அரங்கு ஹாமர்ஸ்மித் ஓடியனாக இருந்த காலத்தில், 1982-இல், அயர்ன் மெய்டன் அங்கே வாசித்த கச்சேரி இசைத்தட்டாகவும் இருக்கிறது. உங்களுடையது உடம்பை முறித்து வாசிக்கும் இசை என்பது எனக்குத் தெரியும். அதற்காக ராஜாவுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?

டோனி ஐயா, 2025 ஜூலை 5-க்கு என்ன கைம்மாறு செய்வேன்? பிளாக் சபாத்தின் கச்சேரி, வில்லா பார்க் மைதானம், நீங்கள் நால்வரும் வளர்ந்த அதே ஆஸ்டன். உங்கள் பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்கும் பார்க்கின்சன்தான். நிற்க முடியாமல் கறுப்பு அரியணை ஒன்றில் உட்கார்ந்து பாடினார். பில் வார்ட் 2005-க்குப் பிறகு முதன்முறையாக உங்களோடு டிரம்ஸில் உட்கார்ந்தார். நால்வரும் சேர்ந்து வாசித்தது நான்கே பாட்டு. கைப்பேசியில் பார்த்தேன். ஆஸியின் குரல் சில இடங்களில் தடுமாறியது. அந்த இடங்களில் கூட்டமே பாட்டை எடுத்துக் கொடுத்தது. நான் உங்கள் வலது கையைத்தான் அதிகம் பார்த்தேன். தொப்பி போட்ட இரண்டு விரலும் ஒரு தாளம்கூடத் தவறாமல் ஏறி இறங்கின. வந்த பணம் பார்க்கின்சன் நோய்க்கான பணிக்கும் குழந்தைகள் மருத்துவத்துக்கும் போயிற்று. பதினேழாம் நாள் ஆஸி போய்விட்டார். நடமாட முடியாத நண்பரைக் கட்டிலோடு விட்டுவிடாமல் நடுமேடையில் உட்காரவைத்து, மூன்று பேரும் சுற்றி இருந்து வாசித்து அனுப்பிவைத்தீர்களே, அதற்கு நன்றி.

டோனி ஐயா, உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் கூட்டத்தில் எல்லோர் மீதும் எனக்கு இந்த நன்றி இல்லை. பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு வாயசைப்பவர்களும் உண்டு. ‘இதுதான் கடைசி’ என்று சொல்லியே பல ஆண்டு டிக்கெட் விற்பவர்களும் உண்டு. அதே நேரத்தில், இறங்கத் தெரிந்தவர்களும் உங்களில்தான் இருக்கிறார்கள். நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. கையைத் திரும்பப் பழக்கி அந்த ஆண்டே மேடையேறினார். 2024 டிசம்பரில் சாவோ பாலோவில் வாசித்துவிட்டு, இனி ஊர் ஊராக வர முடியாது என்று சொல்லி விடைபெற்றார். இறங்கும் நாளை அவரவர் கைதான் சொல்ல வேண்டும். பார்க்க வந்தவன் சொல்லக் கூடாது. இதையும் உங்களிடமிருந்தே கற்றேன். உங்கள் விரல் பதினேழு வயதில் ‘போதும்’ என்றபோது, நீங்கள் அதன் பேச்சைக் கேட்டு, அதற்கு வேண்டியதைச் செய்துகொடுத்து, வேலை வாங்கினீர்கள்.

டோனி ஐயா, அதையே இப்போதும் செய்யுங்கள். நின்று வாசிக்க முடியாவிட்டால் உட்கார்ந்து வாசியுங்கள். பத்துப் பாட்டு முடியாவிட்டால் நான்கு போதும். விரல் இன்னும் கேட்டால் இன்னும் ஒரு சுரம் இறக்குங்கள், எங்களுக்குக் குறையொன்றும் வராது. வருவது உங்கள் கையிலிருந்து வரும் ஓசையாக இருந்தால் சரி. காசு கொடுத்துக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
நாமக்கல் பட்டறைக்காரன் ஒருவன்