ஒலிவாங்கி கேட்பது

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லான மரம் அது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளிலோ கடலுயிரிகளின் உருவங்கள் சுருள்சுருளாகப் பதிந்துள்ளன. உருவங்களை இத்துணைக் காலம் காத்த இம்மண் ஓர் ஓசையையேனும் காக்கவில்லை. பதிந்த குரலை மீண்டும் கேட்கும் வழி, 1877இல் எடிசன் உருவாக்கிய கருவியால்தான் கிட்டியது.

இன்று அவ்வசதி சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆயினும், களையெடுப்புப் பாடல் அறிந்த மூதாட்டியின் முன் கைப்பேசியை நீட்டுவது மட்டும் ஒலிப்பதிவாகாது. ஒலிவாங்கி பாடுபவரோடு அவர் அமர்ந்திருக்கும் அறையையும் சேர்த்தே கேட்கிறது. வேண்டாத ஓசையை மனிதச் செவி ஒதுக்கிவிடும். கருவிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. மின்விசிறியின் இரைச்சலும் சுண்ணாம்புக்கல் லாரியின் உறுமலும் பாட்டோடு ஏறிவிடும். சிமெண்ட் பூசிய வெற்றுச் சுவர்கள் ஒலியைத் திருப்பி எறிவதால், குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அதற்கெனத் தனி அரங்கம் கட்டவேண்டியதில்லை. பருத்தி விளையும் பெரம்பலூரில் பஞ்சு மெத்தைக்கா பஞ்சம்? இரண்டு மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்துவைத்தால் எதிரொலி பெரிதும் அடங்கும். லாரியின் தாழ்ந்த உறுமலை மட்டும் பஞ்சு தடுக்காது. ஊர் அடங்கும்வரை காத்திருப்பதே அதற்கு வழி.

ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தல் நலம். நேரெதிரே வைத்தால் பகரம் வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று மோதி வெடிக்கும். தொலைவு இருமடங்கானால் குரல் 6 டெசிபல் தாழும். அறையின் எதிரொலியோ அவ்வாறு தாழாது.

ஒப்பாரியைப் பதிவது இவற்றினும் கடினம். முணுமுணுப்பாய்த் தொடங்கும் குரல், இறந்தவரை முறைசொல்லி அழைக்குமிடத்தில் சட்டென உச்சிக்கு ஏறும். தொடக்கத்தைக் கேட்டு அளவைக் கூட்டிவைத்திருந்தால், ஒலியலையின் முகடு அங்கே வெட்டுண்டுபோகும். மெல்லிய பதிவைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். வெட்டுண்ட முகட்டைப் பழையபடி மீட்பது அரிது. ஆதலால், குரலின் உச்சி மேல் எல்லைக்கு ஏறத்தாழ 12 டெசிபல் கீழே நிற்குமாறு முன்னரே இடம் விட்டுவைப்பர்.

சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாட முதியோர் பலர் ஒப்புவதில்லை. அவர்கள் சொல்வதற்கு இணங்கி, தோப்புக்கோ களத்துமேட்டுக்கோ செல்ல வேண்டும். அங்கே எதிரொலிக்கச் சுவரில்லை, காற்றுத்தான் தொல்லை. ஒலிவாங்கியின்மேல் தடித்த நுரைப்பஞ்சு உறை ஒன்றை மாட்டினால் அதன் இரைச்சல் குறையும். மூதாட்டி பாடி முடித்ததும் பதிவை உடனே நிறுத்திவிடலாகாது. அப்பாட்டை யாருக்காகக் கட்டினார் என்பதை அவர் அதன்பிறகுதான் சொல்லத் தொடங்கக்கூடும்.