சிறு வலுவும் நிறை குரலும்

வலு மிகுந்தால் ஒலி மிகும் என்பது பலரது துணிபு. ஒலிபெருக்கி வாங்கப் புகுவோர் பெட்டியின் பின்புறத்தே பொறித்துள்ள உவாற்றுத் தொகையையே முதற்கண் நோக்குவர். அத்தொகை, பெட்டி எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பதைக் கூறுவதன்று. எவ்வளவு மின்வலுவைக் கெடாது தாங்கும் என்பதையே கூறுவது. இலக்கணம் கற்பிக்கும் நாம் இதனை விளக்க முற்படுதல் சிலருக்கு நகை விளைக்கலாம். எனினும், நம் தமிழ் மன்றத்துக்கு நேர்ந்த தேவையொன்று நம்மை இத்துறையிற் புகுத்தியது. அதிற் கண்டவற்றை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவரும் ஓய்வுபெற்ற மின்வினைஞருமாகிய அன்பர் ஒருவர், பழுதாய்க் கிடந்த வால்வு வானொலியொன்றின் உறுப்புக்களைக் கொண்டு ஒலி விரியலாக்கி ஒன்றை அமைத்தார். தகட்டை வளைத்தவரும், துளையிட்டவரும், ஈயம் பற்றவைத்தவரும் உயர்தர விஞ்ஞான வகுப்பு மாணவர் நால்வர். உள்ளே 250 வோல்ற்று அளவு மின்னழுத்தம் நிலவுவதாதலின், மின்னூட்டியபின் அன்பரன்றி வேறெவரும் அதன் உட்புறத்தைத் தொட்டிலர். ஈ.எல். 84 என்னும் ஒற்றை வால்வே அதன் உயிர்நிலை. அது தெளிவாகத் தரும் வலு ஏறத்தாழ 4 உவாற்று.

மன்றத்திற் சிலர், "நாலு உவாற்று எம்மாத்திரம்? பெரிய கருவியொன்றை வாங்கிவிட்டு, இதனைக் கண்காட்சி அலுமாரியில் வைப்போம்" என்றனர். பழிப்பதற்குக் கூறியதன்று அது. ஆயினும், அலுமாரியிற் புகும் கருவியோடு அதனைச் செய்த மாணவரின் ஊக்கமும் பூட்டப்பட்டுவிடும் என நாம் அஞ்சினோம். சிறு செலவில் ஏற்ற ஒலிபெருக்கியைத் தேடித் தரும் பொறுப்பை நாமே ஏற்றோம்.

வலுவின் அருமையை நாம் இளமையிலேயே அறிந்திருந்தோம். 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் இழந்தபின், ஆண்டுகள் பலவாகச் சைக்கிள் தைனமோவே நமது மின்னிலையம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, ஏனையோர் வானொலியைச் சூழ்ந்திருந்து செய்தி கேட்போம். 6 வோல்ற்று, 3 உவாற்று அளவினதான அத்தைனமோவைச் சுழற்றும் கை ஓயின் செய்தியும் ஓயும். அயலவர் ஒருவர் ஒலிபெருக்கியைக் கழற்றி, வெறும் மண்குடத்தின் வாயில் வைத்துக் கேட்பார். வலுவைப் பெருக்க இயலாதவிடத்து, உள்ள வலுவை வீணாக்காத வழியைத் தேடுக என்னும் பாடத்தை அக்குடத்தின் வாயிலாகவே கற்றோம்.

ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை தாம் பெறும் மின்வலுவில் நூற்றில் ஒரு பங்களவையே ஒலியாக்குவன. எஞ்சியது வெப்பமாய்க் கழியும். எனவே, வாங்குவோர் ஆராயத்தக்கது உணர்திறன் எனப்படும் எண்ணே. 1 உவாற்று வலுவை ஊட்டி 1 மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை தெசிபெல் ஒலி எழும் என்பதை அது கூறும். தெசிபெல் கணக்கு கூட்டற் கணக்குப்போலத் தோன்றினும், உள்ளே பெருக்கற் கணக்கு. 3 தெசிபெல் கூட வேண்டின் வலு இருமடங்காதல் வேண்டும். 10 தெசிபெல் கூட வேண்டின் பதின்மடங்காதல் வேண்டும்.

பழம்பொருட் கடைகளில் மூவகைப் பெட்டிகளைக் கண்டோம். முதலாவது கைக்கடக்கமான சிறு பெட்டி. அதன் குறிப்பில் 87 தெசிபெல் என்றிருந்தது. ஆனால், 4 ஓம் கருவியை 2.83 வோல்ற்றில் அளந்த எண் அது. அவ்வழுத்தம் 8 ஓமில் 1 உவாற்றாகும். 4 ஓமிலோ 2 உவாற்றாகும். ஆகவே, 1 உவாற்றுக்குரிய உண்மைத் தொகை 84. இரண்டாவது, முழங்காலளவு உயர்ந்த பழைய மரப்பெட்டி. 8 ஓம், 93 தெசிபெல். மூன்றாவது, கோயில் வீதிகளில் நாம் காணும் குழாய் ஒலிபெருக்கி. 100 தெசிபெல்லுக்கும் மேற்பட்டது. குழாய் திருவிழாவுக்கு உகந்தது. தாழ்ந்த ஒலிகளை விடுத்து நடுவொலிகளை உரத்து வீசுதலால், அறையினுள்ளே செவி நோகும். எஞ்சிய இரண்டிடை வேறுபாடு 9 தெசிபெல். அஃதாவது எட்டு மடங்கு. மரப்பெட்டிக்கு ஊட்டும் 4 உவாற்று, சிறு பெட்டிக்கு ஊட்டும் 32 உவாற்றுக்கு ஈடாம்.

அங்ஙனமாயின், சிறு பெட்டியைச் செய்தவர் அறியாதவரோ? அன்று. செயற்றிறன், ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்க்கா; இரண்டைக் கொள்வோர் மூன்றாவதை இழப்பர். ஹொஃப்மன் என்னும் அமெரிக்கரின் பெயரால் இதனை இரும்பு விதி என்பர். 1954 இல் அமெரிக்காவில் எட்கார் வில்ச்சர் வெளியிட்ட அடைத்த சிறு பெட்டி, செயற்றிறனை விட்டுக்கொடுத்தே ஆழ்ந்த ஒலியை ஈட்டியது. பின்னர் திரான்சிற்றர் வந்து வலு மலிந்தமையால், அவ்விழப்பு எவர்க்கும் பெரிதாகத் தோன்றவில்லை. நமக்கோ வலு அரிது, இடம் உண்டு, வேண்டியது மனிதர் குரல். ஆகவே, மரப்பெட்டியைத் தெரிந்தோம். அதன் விலையும் சிறு பெட்டியின் விலையிற் பாதியே.

நம் மண்டபத்தின் கடைசி வாங்கு 8 மீற்றர் தொலைவில் உளது. திறந்த வெளியில் தூரம் இருமடங்காகுந்தோறும் 6 தெசிபெல் குறையும். ஆகவே, 99 தெசிபெல்லாக எழும் ஒலி அங்கே 81 ஆகச் சென்றடையும். சுவர்கள் மீட்டுத் தருவது வேறு. பேச்சின் உச்சங்கள் சராசரியினும் 12 தெசிபெல் அளவு உயர்ந்தெழுவதால் அதற்கு இடம் விட்டாலும் 69 எஞ்சும். சிறு பெட்டியில் எஞ்சுவது 60. மின்விசிறிகளின் இரைச்சலில் அது மங்கும். விசையை முறுக்கினால் அலையின் முடிகள் வெட்டுண்டு சொற்கள் சிதையும்.

நன்னூலார் வல்லினத்துக்கு மார்பையும், மெல்லினத்துக்கு மூக்கையும், இடையினத்துக்கு மிடற்றையும் இடமாக வகுத்தார். கருவியிலோ அவை மூன்றும் ஒரே காகிதக் கூம்பிற் பிறத்தல் வேண்டும். மாணவன் ஒருவனை 'மலை, மழை, மனம், மணம், அரை, அறை' எனப் படிக்கச் செய்து, கடைசி வாங்கில் இருந்தோரைக் கேட்டெழுதப் பணித்தோம். எழுதியோர் எவரும் லகரத்தை ழகரமாகவோ, னகரத்தை ணகரமாகவோ மயங்கிலர். விரியலாக்கி அலுமாரிக்குச் செல்லவில்லை. மன்றக் கூட்டந்தோறும் அதனை இயக்குபவர் அதனைச் செய்த மாணவரே.

பழைய பெட்டி வாங்க விரும்பும் மாணவர் கூம்பை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்க. உரசும் ஓசை எழின் வாங்கற்க. ஓரத்து நுரைவளையம் உதிர்ந்திருப்பினும் வாங்கற்க. பழைய மாணவராகிய பெரியோருக்கு ஒரு வேண்டுகோள்: தங்கள் இல்லங்களின் களஞ்சிய அறைகளில் வாய் மூடிக் கிடக்கும் பழைய வானொலிப் பெட்டிகளை இரும்புக் கடைக்கு அனுப்பாது கல்லூரிக்கு அனுப்புங்கள். அவற்றைப் பேசவைக்கும் கைகள் இங்கே உள.