படகு பார்த்த படலம்

சென்ற ஆண்டு வாடைக் காற்று ஓய்ந்து கடல் அமைந்த பின், நம் சகோதரியின் மகன் சொந்தப் படகு வாங்குவதென்று முடிவாயிற்று. பத்தாண்டுக் காலம் பிறர் படகில் பங்குக்குத் தொழில் பார்த்துச் சலித்துப் போனவன் அவன். குடும்பத்தில் நாமே மூத்தவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே படகு பார்க்கச் செல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. கணக்கு தெரிந்தவருக்குக் கடலும் தெரியும் என்று வீட்டுப் பெண்கள் எப்படியோ நம்பிவிடுகிறார்கள்.

கையிலிருந்த தொகை மூன்றரை இலட்சம். அதில் பெரும் பகுதி நம் சகோதரியின் காப்பும் சங்கிலியும் உருமாறி வந்த பணம். 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றை மருமகன் முன்பே வாங்கி வைத்திருந்தான். வேண்டியது படகின் உடல் மட்டுமே. விலை, நீளம், வலு ஆகிய மூன்றையும் ஒரே படகில் கேட்டோம். மூன்றும் ஒருசேரக் கிடைக்குமென்று புறப்படும்போது உண்மையாகவே நம்பினோம்.

நம் தொண்டிக் கடலைப் பற்றி வெளியூர் அன்பர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். பாக் நீரிணையையொட்டிய இக்கடல் ஆழமற்றது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரம் நெடுந்தொலைவு இடுப்பளவு நீர்தான். சோழகக் காற்றின் மாதங்களில் மன்னார் வளைகுடா சீறிக்கொண்டிருக்க, இங்கே கடல் குளம் போல் கிடக்கும். வாடை எழுந்தாலோ நிலைமை தலைகீழ். ஆழமில்லாக் கடலின் அலை நீண்டு வருவதில்லை; குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன்பின் ஒன்றாய் அணியத்தில் அறையும். அதைத் தாங்குவதற்குத்தான் படகுக்கு வலு வேண்டும்.

நம் வாப்பா மர வத்தை வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் அதைக் கரையேற்றிக் காயவைத்து, சுறா எண்ணெய் பூசி, உளு தின்ற பலகையை மாற்றுவார்கள். மரம் தன் குறையை மறைக்காது. பலகையை விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். இன்றைய படகுகளோ கண்ணாடி இழையால் ஆனவை. அச்சுக்குள் முதலில் வண்ணப் பூச்சு. அதன் மேல் இழைப் பாய். அதை ரெசின் என்னும் பிசினால் நனைத்து, காற்றுக் குமிழி நீங்க உருட்டி அழுத்தி, மீண்டும் ஒரு பாய். இவ்வாறு அடுக்கடுக்காய் வளர்கிறது படகு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் முதலில் பூசிய வண்ணம் மட்டுமே. நல்லதும் பொல்லாததும் ஒரே பளபளப்பு!

இதில் நம் குடும்பம் ஏற்கெனவே அடி பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து சென்ற பின், சோழமண்டலக் கரை நெடுகிலும் நிவாரணப் படகுகளுக்குப் பெருந்தேவை எழுந்தது. தொழில் அறியாதவர்களெல்லாம் கொட்டகை போட்டுப் படகு வார்த்தார்கள். அவசரத்தில் பிறந்த படகுகள் பல சில ஆண்டுகளில் வெடிப்புக் கண்டன. அப்படிப்பட்ட ஒன்றை 2007இல் நம் மச்சான், மலிவாகக் கிடைத்ததென்று, கைமாற்றாக வாங்கி வந்தார்கள். 2010இல் வாடை தொடங்கிய ஒரு நாள், கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவில், அதன் அடிப்புறம் பிளந்தது. மிதவைக்கென்று உள்ளே தெர்மாக்கோல் எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. டீசல் கேன்களைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்களை அவ்வழி வந்த வேறொரு படகு தூக்கிக்கொண்டது. உயிர் தப்பியது, வலையும் எஞ்சினும் போயின. மச்சான் அதன் பின் நோயில் இறையடி சேரும் வரை கடலுக்குப் போகவில்லை. அப்போது நம் மருமகனுக்கு வயது பன்னிரண்டு. கரையில் நின்று பார்த்தவன்.

ஆகவே நம் சகோதரி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "படகு பெரிசா சின்னதாண்டு எனக்குத் தேவையில்லை காக்கா. புள்ள திரும்பி வரணும்."

மருமகனின் நோக்கம் வேறு. அவனுக்கு 32 அடி வேண்டும். நீளமான படகில் ஆறு பேர் ஏறலாம், வலை கூடுதலாக ஏற்றலாம், தொலைவாகப் போகலாம். சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் உண்டு: அவனோடு பங்குத் தொழில் பார்த்த இருவர் 32 அடி வாங்கியிருந்தார்கள்.

முதலில் பார்த்த கொட்டகையில் 32 அடிப் படகு மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் என்றார்கள். நம் பணத்துக்குள் அடங்கியது! மருமகனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. விளிம்பில் வெட்டித் தள்ளிய ஒரு துண்டை அவன் கையிலெடுத்து, "எவ்வளவு தடிமன் பாருங்க மாமா!" என்று நம்மிடம் நீட்டினான். அடிக்கோலை வைத்து அளந்தோம்; 7 மில்லிமீட்டர். நமக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. அத்துண்டை அவன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது இடத்தில் வேலை நேர்த்தியாகத் தெரிந்தது. விலை நான்கு இலட்சத்து அறுபதாயிரம். மிச்சப் பணத்துக்கு வழி சொல்ல அங்கேயே ஒருவர் இருந்தார். மீன் வியாபாரி முன்பணம் தருவார். பிடிக்கும் மீனையும் நண்டையும் அவருக்கே போட வேண்டும். ஒவ்வொரு நாள் பாட்டிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார். விலையையும் அவரே சொல்வார். "இதுல வட்டி கிடையாது பாய்" என்று வேறு நமக்கு உறுதி கூறினார்கள். வட்டி என்ற பெயர் இல்லைதான். சந்தையில் நண்டுக்கு என்ன விலை போனாலும், முன்பணம் வாங்கியவனுக்கு அந்த விலை கிட்டாது. கடன் தீரும் வரை வேறு வியாபாரியை நாடவும் முடியாது. இப்படி முன்பணத்தில் சிக்கி, படகு பழசாகிய பின்பும் கடன் புதிதாகவே இருக்கிற குடும்பங்களை நாம் அறிவோம். மருமகன் தயங்கினான், நாம் தயங்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

மூன்றாவதாகச் சென்றது ஓர் ஓடாவியிடம். எழுபதைத் தாண்டியவர். இளமையில் மர வத்தை கட்டியவர். மரத்தொழில் நலிந்த பின் கண்ணாடி இழை வேலையைக் கற்றுக்கொண்டவர். வாப்பாவின் வத்தைக்கு ஒரு முறை ஏரா மாற்றியது தாம்தான் என்று சொல்லி நம்மை அருகில் அமர்த்திக்கொண்டார். அவர் கட்டியதில் பெரியது 28 அடி. மூன்று இலட்சத்து இருபத்தைந்தாயிரம். மருமகன் பைக்குள்ளிருந்த துண்டை எடுத்து, "காக்கா, அங்க 32 அடியே இந்த விலைக்குக் கிட்டத்தான். தடிமனும் உங்கள்தை விடக் கூட" என்று காட்டினான். பெரியவரின் படகு விளிம்பு 6 மில்லிமீட்டர்தான்.

அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. பிசினில் சேர்க்கும் இறுக்கியை நிறுக்க வைத்திருந்த சிறிய தராசைக் கொண்டுவரச் செய்தார். இரண்டு துண்டுகளிலும் சரியாக 50 கிராம் அறுத்தெடுத்து, கொட்டகைக்கு வெளியே தகரத்தின் மேல் வைத்து நெருப்பிட்டார். கரும்புகை எழுந்தது, காற்றுக்கு மறுபக்கம் விலகி நின்றோம். பிசின் எரிந்துவிடும், கண்ணாடி எரியாது; விஷயம் அவ்வளவே. ஆறிய பின் அவர் தம் துண்டைத் தொட்டார். பாய்கள் ஏடு ஏடாகப் பிரிந்து வந்தன, எண்ணினோம், ஆறு. நிறுத்தால் 16 கிராம். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாயென்றால், பிசினோடு சேர்ந்து ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்றார். ஆறு பாய், 6 மில்லிமீட்டர். நம் கணக்குக்கு ஒத்து வந்தது.

மற்றதில் மூன்றே பாய். நிறை 9 கிராம். அதைச் சுற்றிலும் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடந்தது.

"சுண்ணாம்புப் பொடி தம்பி" என்றார் பெரியவர் நம்மைப் பார்த்து. "பிசின் விலை கூட. பொடியைக் கலந்தா தடிமன் வரும், பலம் வராது."

மருமகன் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் குந்தியிருந்தான். அவன் தந்தையின் படகும் தடிமனாகத்தான் இருந்தது.

நீளத்தின் கணக்கையும் அன்றுதான் சரியாகப் போட்டுப் பார்த்தோம். 28 அடிக்கும் 32 அடிக்கும் வேறுபாடு 4 அடிதானே என்று தோன்றும். அகலமும் உயரமும் அதே வீதத்தில் கூடினால், கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. போர்த்த வேண்டிய பரப்பு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு கூடும். நீளமான உடல் வளையாதிருக்க அடுக்கும் உள்ளே வங்கும் கூட வேண்டும். அப்படியிருக்க, விலை மட்டும் எப்படிக் கூடாமலிருக்கும்? எங்கோ ஓரிடத்தில் அது குறைக்கப்பட்டிருக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, சுமையோடு 32 அடியைக் காற்றுக்கு எதிரே தள்ள அவனுடைய 10 குதிரை எஞ்சின் திணறும்; வேறு எஞ்சின், கூடுதல் டீசல், பங்குக்குக் கூடுதல் ஆள். இவ்வளவையும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதியிருப்போம். நம் வீட்டுப் பணத்துக்குப் போட்டுப் பார்க்க மட்டும் மறந்திருந்தோம்.

28 அடியே ஆகட்டும் என்று மருமகன்தான் வாய் திறந்து சொன்னான்.

பேரம் பேசாமல் விடுவோமா? பேசினோம். பெரியவர் ரூபாயில் இறங்கவில்லை. வேலையில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்துச் சொன்னார். பக்கவாட்டில் வண்ணக் கோடு வேண்டாமென்றால் விடலாம். மேல்தட்டுப் பலகையைப் பழைய பலகையில் செய்துகொள்ளலாம். அடிப்புறத்தின் இரண்டு கூடுதல் பாயும், அணியத்திலும் அமரத்திலும் அடைக்கும் தெர்மாக்கோலும் பேச்சுக்கே இல்லை. பதினையாயிரம் குறைந்தது. வண்ணக் கோடு போனதில் மருமகனுக்கு இன்னும் வருத்தம் உண்டு.

படகு அச்சிலிருந்து வந்த பின் மேலும் மூன்று வாரம் கொட்டகையிலேயே கிடக்க வேண்டுமென்றார். பிசின் முழுதும் இறுக நாள் பிடிக்கும். ஈரக் காற்றில் இன்னும் தாமதம். மருமகன் நாள்தோறும் போய் நாணயத்தால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். ஒரே சீரான ஓசை வந்தால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. எங்கேனும் மந்தமாக ஒலித்தால் உள்ளே குமிழி என்று பொருள். ஓரிடத்தில் அப்படி ஒலித்தது. பெரியவர் முகம் சுளிக்காமல் அவ்விடத்தைச் சுரண்டியெடுத்து மறுபடி பாய் வைத்துக் கொடுத்தார். தம் வேலையிலும் பிழை வரும் என்று ஒத்துக்கொண்ட தொழிலாளரைக் கண்டு நமக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடியது.

ஏப்ரல் தொடக்கத்தில் படகு கடலில் இறங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகுக்கு அது இல்லை. இழுவை மடிகள் வலையை அறுக்குமென்ற அச்சமின்றி அவன் நண்டு வலை விட்டான். பாடு பரவாயில்லை. பிடித்ததைத் தான் விரும்பிய வியாபாரிக்குப் போட்டான். ஐப்பசியில் வாடை முதன்முறை எழுந்த இரவு, நம் சகோதரி விடியும் வரை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்; சுபுஹு பாங்கு முடிந்த சிறிது நேரத்தில் எஞ்சின் ஓசை கேட்டு உள்ளே எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். ஒன்றும் பேசவில்லை.

மருமகனோ, கரையில் நாம் உடனிருக்கும்போது நண்பனின் 32 அடிப் படகு கடந்து சென்றால், அது கண் மறையும் வரை பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "என்ன இருந்தாலும் நீளம் நீளம்தான் மாமா."