பழைய பள்ளி, புதிய வாசல்

சிங்கப்பூரின் ரெட்ஹில் ரயில் நிலையத்தில் இறங்கி லெங்கோக் பாருவுக்கு நடந்தால், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஓரிடம் கண்ணில் படும். ‘எனேபிலிங் வில்லேஜ்’ என்று பெயர். உடற்குறையுள்ளோருக்கு வேலைப் பயிற்சியும், வேலை தேடிக்கொள்ள உதவியும் கிடைக்கும் இடம். உறவினரைப் பார்க்க ஜொகூர் பாலம் தாண்டும் நம்மவர்கள், தேக்காவில் புடவை வாங்கியதோடு திரும்பிவிடாமல் இங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

இது முன்பு புக்கிட் மேரா தொழிற்பயிற்சிப் பள்ளி. புதுக்கும் பொறுப்பை ஏற்ற ‘வோஹா’ கட்டடக் கலைஞர்கள் அதை இடித்துத் தள்ளவில்லை. பழைய வகுப்பறைக் கட்டடங்களை நிறுத்தி வைத்து, நடுவில் குளமும் செடி கொடியும் மர மேடையுமாக அமைத்தார்கள். கப்பலில் சரக்கேற்றும் பழைய இரும்புப் பெட்டிகள் அறைகளாயின. மழைநீர் ஓடப் பதிக்கும் சிமெண்டுக் கால்வாய்த் துண்டுகளுக்குள் பலகை அடித்தார்கள். ஆள் உட்கார்ந்து இளைப்பாறும் கூடு தயார்! 2015இல் திறந்தார்கள், மறு ஆண்டே அதிபரின் வடிவமைப்பு விருது கிடைத்தது.

எனக்கு விருதைவிடப் பெரிதாகத் தோன்றியது அங்குள்ள சரிவுப் பாதைதான். சக்கர நாற்காலி யார் தயவும் இல்லாமல் உருண்டு போகிறது. உள்ளே மளிகைக் கடை. பார்வை மங்கியவர்கள் விலையைப் படிக்கத் தள்ளுவண்டியிலேயே பூதக்கண்ணாடி பொருத்தியிருக்கிறது.

நம் தோட்டங்களில் கால் வராத பிள்ளையை இடுப்பில் சுமந்து மண்டபப் படியேறும் தாயைக் கண்டிருப்பீர்கள். பிள்ளை வளர்ந்துவிட்டால் தூக்க முடியாது. அன்றோடு திருவிழாவும் போச்சு, பாலர் வகுப்பும் போச்சு.

“அங்கே அரசாங்கம் செலவழிக்கிறது, நமக்கு ஏது வெள்ளி?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கட்டடத்தில் பணத்தை விழுங்குவது அஸ்திவாரம், தூண், சுவர். அவை உறுதியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. துத்தநாகக் கூரைக்கு வெள்ளைச் சாயம் பூசினால் வெயில் திரும்பிப் போகும். அடைத்துப்போட்ட ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்றாடிச் செலவும் குறையும். நாற்காலி மேசைக்குக் கித்தா மரமே போதும். பால் வற்றிய மரத்தை ஒரு காலத்தில் அடுப்புக்குத்தான் வெட்டினோம். போரான் மருந்து ஏற்றி உலர்த்தினால் பூச்சி அரிக்காது என்றான பிறகு, அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது.

ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால், இளைஞர்களை ஏற்றி உடைக்கச் சொல்ல வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து ஆளைக் கொல்லும். விவரம் தெரிந்த குத்தகைக்காரரே கழற்ற வேண்டும்.

சரிவுப் பாதைக்குக் கணக்கு இதுதான்: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூன்று படி ஏறும் மண்டபம் என்றால் உயரம் ஒன்றரை அடி இருக்கும். 18 அடி நீளம் வேண்டும். மணல், கல், சிமெண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். மேல்பரப்பை மட்டும் வழவழவென்று பூசிவிடாமல், ஈரம் காயுமுன் துடைப்பத்தால் கோடு இழுத்து விடுங்கள்; மழையில் சக்கரம் வழுக்காது.