கேட்பது இழிவன்று

என் இளைய சகோதரனுக்கு மனச்சிதைவு நோய் கண்டு 14 ஆண்டுகள் ஆகின்றன. தவறாது மருந்து உண்கிறான். ஞாயிறு திருப்பலிக்கும் வருகிறான். ஆயினும் எவ்வேலையிலும் மூன்று மாதம் நிலைக்க அவனால் இயலவில்லை. மாற்றுத்திறனாளி என அரசிடம் சான்றிதழ் கோரலாமா என்ற வினா எழுந்தபோது எங்கள் இல்லம் இரண்டுபட்டது.

“தாளில் எழுதிவிட்டால் அழியுமா? உன் தங்கையைப் பெண் கேட்டு யார் வருவார்?” என்று அன்னை கலங்கினார். அந்த அச்சம் வீணானதன்று. கால் ஊனத்திற்கு இரங்கும் ஊர், மனநோயைக் கண்டு நகைக்கவே செய்கிறது.

சட்டமோ மனநோய்க்கும் இடம் தந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைக் குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், உரையாடிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகியவற்றில் நோயாளி படும் இடரையும், நோய் நீடித்த காலத்தையும் மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்றளிக்கப்பட்டால், வேலை ஒதுக்கீடு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் முதலியவற்றுக்கு வழி பிறக்கும். அவன் அன்றாடம் சுமக்கும் பாரத்தையே அச்சான்றிதழ் அளக்கிறது.

பார்வையற்ற பர்த்திமேயுவைப் பேசாதிருக்குமாறு கூட்டத்தார் அதட்டினர். இயேசுவோ, வேண்டுவது யாது என அவரிடமே வினவினார். நாங்களும் தம்பியிடமே கேட்டோம். “அம்மாவுக்குப் பின்னும் யார் கையையும் எதிர்பாராமல் நான் மருந்து வாங்க வேண்டும், விண்ணப்பிப்போம்” என்றான். அன்னையும் இசைந்தார்.

இச்சுமையை மறைத்து வாழும் இல்லங்கள் நம் பங்குகளில் உள. வின்சென்ட் தே பவுல் சபையார் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தந்து, மருத்துவமனைக்கும் உடன் செல்வார்களாயின், அது பெரும் அறமாகும்.